ஐந்தாவது வரி

அஞ்சலட்டை எழுதி வளர்ந்தவர்கள் நாம். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்து வருவது "அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்குப் பதில் எழுதவும்" என்பது தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பிறகு பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். நாலு வரி இப்படியே ஓடிவிடும். ஐந்தாவது வரியில்தான் சேதி இருக்கும். நெல் மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, அக்காவுக்கு எத்தனையாவது மாதம், மாமா எந்தத் தேதி ரயிலில் வருகிறார் என்பதெல்லாம் அங்கேதான். முதல் நாலு வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஐந்தாவது வரியை விஷயம் தெரிந்தவர்தான் எழுத முடியும்.

இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. செயற்கை நுண்ணறிவு என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள், பிள்ளைகள் ஏஐ என்கிறார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு என் தங்கை மகள் வழியாகக் கிடைத்தது. புதுச்சேரியில் மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவள் விளம்பர வேலை நடத்துகிறாள். ஆள் நான்கு பேர்தான். அவள், படம் வரையும் ஒரு பையன், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், தமிழ் வாசகம் எழுதும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். இவர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவராக இருந்து வந்தவர். ஜவுளிக்கடை, பேக்கரி, பல் மருத்துவமனை, பிரெஞ்சுப் பகுதியில் இரண்டு மூன்று விருந்தினர் விடுதிகள், இவைதான் அவர்களுடைய வாடிக்கை.

2023 முதல் அந்த அறையில் ஏஐ வேலை செய்கிறது. விடுதிகளுக்கு பிரான்சிலிருந்து ஆட்கள் வருவதால் பிரெஞ்சு வாசகமும் வேண்டும். "மாமா, பிரெஞ்சு சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக் குடுங்க" என்று அவள் கூப்பிட்டதால் நான் மதிய வேளைகளில் போக ஆரம்பித்தேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'திக்தே' என்ற சொல்வதெழுதுதலில் ஐந்து பிழை விட்டால் மதிப்பெண் சைபர் என்று வளர்க்கப்பட்டவன். இயந்திரம் எழுதிய பிரெஞ்சில் ஒரு எழுத்தின் தலையில் இருக்கவேண்டிய சின்னக் கோடுகூடத் தப்பவில்லை. எங்கள் முசியே உயிரோடு இருந்திருந்தால் இருபதுக்கு இருபது போட்டிருப்பார். எனக்குக் குறை சொல்ல ஆசைதான், ஆனால் இலக்கணத்தில் குறையில்லை.

இந்த இயந்திரம் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்ற பெயரில் திடீரென்று வந்து குதித்ததாக இளைஞர்கள் நினைக்கிறார்கள். அதன் முன்கதை ரொம்ப நீளம். அதைத் தெரிந்துகொண்டால் அந்த மாடி அறையில் நடப்பதும் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

தனக்கு வேண்டிய வார்த்தைகளை இன்னொருவரிடம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. பிரான்சில் 1640-இலேயே புய்ஜே தெ லா செர் என்பவர் 'லெ செக்ரெத்தேர் அ லா மோத்' என்று மாதிரிக் கடிதங்களின் புத்தகம் ஒன்று வெளியிட்டார். பரிந்துரை கேட்க, நன்றி சொல்ல, காதலிக்கு எழுத, எல்லாவற்றுக்கும் அதில் மாதிரி உண்டு. பார்த்து எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊரில் துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது அவருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வேலையில் பாதி இந்த ரகம்தான். நவாபுகளுக்குப் பாரசீகத்தில் கடிதம் போகவேண்டும், அதற்கென்று எழுத்தர்கள் இருந்தார்கள். பட்டங்களும் புகழ்ச்சிகளும் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அலங்காரத்துக்கு நடுவே எவ்வளவு பணம், எத்தனை குதிரை, எந்தக் கோட்டை என்பது மட்டும் கவர்னரும் பிள்ளையும் பேசி முடிவு செய்தது. பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் இன்றைக்கும் நாம் தேடிப் படிப்பது அந்தத் தொகைகளையும் தேதிகளையும்தான்.

என் காலத்தில் நானே அப்படியொரு எழுத்தனாக இருந்திருக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் வேலை பார்த்துத் திரும்பிய 'சொல்தா'க்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்கள் போனபிறகு மனைவிமாருக்குப் பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தால் திண்ணையில் இரண்டு அம்மாக்கள் காத்திருப்பார்கள். "தம்பி, ஒரு கடுதாசி எழுதணும்பா." பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை, அல்லது உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் போய்ச் சேரவில்லை என்பார்கள். நான் எழுதிய எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடியும்: 'வெய்யே அக்ரெயே, முசியே, லெக்ஸ்ப்ரெஸ்யோன் தெ மே சாந்திமான் திஸ்தாங்கே'. ஐயா, என்னுடைய மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ள அருள்வீராக என்று பொருள். பென்ஷன் வராமல் ரேஷன் அரிசிக்கு நிற்கிற அம்மாவுக்கு அந்த ஆபீசர்மேல் என்ன மேலான உணர்வு இருந்திருக்கும்? ஆனாலும் அது இல்லாமல் கடிதம் போகாது. பணத்தை வரவழைத்தது அந்த வாக்கியம் அல்ல. கணவரின் 'மத்ரிக்யூல்' என்ற படை எண். அதில் ஒரு இலக்கம் தவறினால் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் வராது. அதனால் எண்ணை மட்டும் பழைய புத்தகத்திலிருந்து ஒரு தடவையும், அந்த அம்மாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஒரு தடவையும் சரிபார்ப்பேன்.

எழுதுவதை இயந்திரத்திடம் விடும் வேலை விளம்பரக்காரர்களுக்கும் வியாபாரக் கடிதக்காரர்களுக்கும்தான் முதலில் தேவைப்பட்டது. நமக்கெல்லாம் கெஸ்டெட்னர் சைக்ளோஸ்டைல் தெரியும். மெழுகுத் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டி, மையோடு மல்லுக்கட்டி நூறு பிரதி எடுப்போம். ஆனால் சைக்ளோஸ்டைல் கடிதம் பார்த்தவுடனே தெரிந்துவிடும், எல்லோருக்கும் போட்டது என்று. தனக்காகவே ஒருவர் உட்கார்ந்து டைப் அடித்தது போலத் தோன்றினால்தான் வாடிக்கையாளர் படிப்பார். அதற்காக அமெரிக்காவில் 1930-களில் 'ஆட்டோ டைப்பிஸ்ட்' என்று ஒன்று செய்தார்கள். தானே வாசிக்கும் பியானோவில் இருப்பதுபோல ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓடும். காற்றழுத்தத்தால் டைப்ரைட்டரின் கட்டைகள் தாமே அடித்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும் பெண் பெயரையும் விலாசத்தையும் மட்டும் கையால் அடிப்பார், மீதி எல்லாம் சுருள். 1964-இல் ஐபிஎம் காந்த நாடாவில் வாசகத்தைச் சேமித்து வைக்கும் டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. நம் ஆபீசுகளில் பிற்பாடு கம்ப்யூட்டரில் பட்டியலைக் கொடுத்தால் ஐநூறு பேருக்கு ஐநூறு கடிதம் வந்தது அந்த வழியில்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். டைப்ரைட்டர் காலத்தில் ஒரு வரைவை மேலதிகாரி இரண்டு தடவைக்கு மேல் திருத்த மாட்டார். திருத்தினால் முழுப்பக்கமும் மறுபடி அடிக்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். திருத்துவது சுலபமானதும் அதே கடிதம் ஏழு தடவை திரும்பி வர ஆரம்பித்தது. ஆறாவது தடவையில் முதல் தடவை இருந்த வார்த்தையே மறுபடி வந்து நிற்கும்!

சரி, பெயரை மட்டும் மாற்றும் இயந்திரத்திலிருந்து, வாக்கியத்தையே உண்டாக்கும் இயந்திரத்துக்கு எப்படி வந்தார்கள்? அந்தக் கதை விளம்பரத்தில் தொடங்கவில்லை, கணக்கில் தொடங்குகிறது. 1913-இல் ரஷ்யாவில் மார்கோவ் என்ற கணித அறிஞர், புஷ்கினின் எவ்கேனி ஒனேகின் காவியத்திலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்து, உயிர் எது மெய் எது என்று உட்கார்ந்து எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்கு அடுத்து மறுபடி உயிரே வருவது நூற்றுக்குச் சுமார் 13 தடவை. மெய்க்கு அடுத்து உயிர் வருவது சுமார் 66 தடவை. ஒரு எழுத்தைப் பார்த்தால் அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஓரளவு கணக்கிட முடியும் என்று இதனால் தெரிந்தது.

1948-இல் அமெரிக்காவில் ஷானன் இதையே சொற்களுக்குச் செய்தார். ஒரு புத்தகத்தைக் குருட்டாம்போக்கில் திறந்து ஒரு சொல்லை எடு. வேறு பக்கம் திறந்து, அதே சொல் வருமிடம் வரை படி. அதற்கு அடுத்த சொல்லை எழுதிக்கொள். பிறகு அந்தச் சொல்லைத் தேடு. இப்படிச் செய்துகொண்டே போனால் அர்த்தமில்லாத, ஆனால் ஆங்கிலம் மாதிரியே ஒலிக்கும் வாக்கியம் வந்துவிடுகிறது. "இவ்விடம்" என்றால் "க்ஷேமம்" என்று நமக்கு வருவதும் இதுதானே?

1952-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி காதல் கடிதம் எழுதும் நிரல் ஒன்று செய்தார். அன்பு, ஆசை, ஏக்கம் முதலான சொற்களை ஆங்கில ஒருபொருட்சொல் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இயந்திரம் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அவற்றைச் சேர்த்துக் கடிதமாக்கியது. கடைசியில் தன் பெயரின் முதலெழுத்துக்களைக் கையெழுத்தாகவும் போட்டது. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் இவ்வளவு உருக்கம்! பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1961-இல் ரேமோன் கெனோ பத்து கவிதைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் இருந்த 14 வரிகளைத் தனித்தனித் துண்டாக வெட்டி ஒரு புத்தகம் போட்டார். எந்த வரியை எந்த வரியோடு சேர்த்தாலும் கவிதையாகும். மொத்தம் ஒரு கோடிக் கோடி, அதாவது 1-க்குப் பின் 14 சைபர். இரவு பகலாகப் படித்தாலும் 19 கோடி வருஷம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டார். ஆனால் ஒவ்வொரு வரியையும் எழுதியது கெனோதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

1966-இல் அமெரிக்காவில் வைசன்பாம் செய்த எலைசா என்ற நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த அவருடைய காரியதரிசியே அதனோடு பேச ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில், "நீங்கள் சற்று வெளியே இருங்கள்" என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். நன்றாகப் பேசுகிறவர்களை நம்பிவிடுவது மனித சுபாவம். விளம்பரத் தொழில் நிற்பதே அதில்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் புதிய கணக்குமுறை ஒன்றை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் எல்லாச் சொற்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறை அது. 2020-இல் வந்த ஜிபிடி-3 என்பதில் 17,500 கோடி எண்கள் திருகித் திருகிப் பொருத்தப்பட்டிருந்தன. அடிப்படை ஷானன் செய்ததுதான்: இதுவரை வந்ததைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்வது. அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார், இது உலகத்துப் பக்கங்களையெல்லாம் புரட்டியிருக்கிறது.

தமிழ் இதில் கொஞ்சம் கஷ்டப்பட்டது. இயந்திரம் வாசகத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும், கட்டணமும் துண்டுக் கணக்கில். 2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் புதிய மாதிரியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீடு காட்டியது. ஒரே சிறு வாசகம் ஆங்கிலத்தில் முன்பு 27 துண்டு, இப்போது 24. அதுவே தமிழில் முன்பு 116, இப்போது 35. ஒரே சரக்குக்கு நாம் நாலு மடங்கு சுங்கம் கட்டிக்கொண்டிருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாடி அறை. இயந்திரத்தால் அவர்களுக்கு நிச்சயமாக நன்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடையின் புதுச் சரக்குக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதுவது முன்பு மூன்று நாள் வேலை, இப்போது ஒரு மதியம். பத்து தலைப்பு கேட்டால் பத்தும் வரும். ஒன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துத் திருத்துவார்கள். கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்குப் பணிவாகப் பதில் எழுதுவதில் அது எங்கள் பழைய சூப்பரிண்டெண்டெண்டையே மிஞ்சும். ஒருநாள் அந்தப் பெண் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் பட்டியலை, போன் நம்பரோடு, அப்படியே இயந்திரத்துக்குள் ஒட்டப் போனாள். என் தங்கை மகள் எழுந்து வந்து தடுத்தாள். நல்ல காரியம். ரகசியக் கடிதத்தை இரண்டு உறைக்குள் போட்டு அரக்கு வைத்து அனுப்பிய ஆபீசில் வேலை செய்தவனுக்கு அதைப் பார்க்கவே பதறியது.

தமிழ்தான் சிரிப்பு. "உங்கள் அனுபவத்தை உயர்த்துங்கள்", "எங்கள் பட்டின் மந்திரத்தைக் கண்டறியுங்கள்" என்றெல்லாம் வரும். அச்சுக்கூடத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அனுபவத்தை எந்தப் பரண்மேல சார் ஏத்துறது?" என்று என்னைக் கேட்பார். தீபாவளிக்கு அவர் எழுதியது மூன்றே வரி. என்ன ரகம் வந்திருக்கிறது, என்ன விலையிலிருந்து, கடை இரவு எத்தனை மணி வரை. கடைக்காரருக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு கவலை இருந்தது. "மிஷின்தானே எழுதுது, எதுக்கு அதே ரேட்டு?" என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவரை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரச் சொல்லலாமா என்று என் தங்கை மகள் யோசித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வருஷம் அது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விடுதியின் வாசகம் என் கைக்கு வந்தது. பிரெஞ்சு அருமை. "1742-இல், துய்ப்ளேக்ஸின் பொற்காலத்தில் எழுப்பப்பட்ட இந்த மாளிகை" என்று ஆரம்பித்தது. வீடு வெள்ளை நகரத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. எனக்கு அங்கேயே இடித்தது. துய்ப்ளேக்ஸ் 1742-இல் இங்கே கவர்னராக வந்தது உண்மை. ஆனால் 1761 ஜனவரி 16 அன்று ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1765-இல்தான் திரும்பி வந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை மாதிரி தமிழர் பகுதியில் தப்பிப் பிழைத்தது உண்டு. கடலோரத்து வெள்ளை நகரத்தில் 1742-ஆம் வருஷத்து வீடு என்றால் பத்திரத்தைக் காட்டு என்றுதான் நான் கேட்பேன்.

இயந்திரம் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. புதுச்சேரி, பழைய பிரெஞ்சு வீடு என்று இவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து உலகத்துப் பக்கங்களில் அதிகம் வரும் பெயர் துய்ப்ளேக்ஸ். துய்ப்ளேக்ஸுக்கு அடுத்து 1742. 'க்ஷேமம்' வந்த மாதிரியே அதுவும் வந்துவிட்டது. ஐந்தாவது வரியையும் முதல் நாலு வரி மாதிரியே எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

உரிமையாளரிடம் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம் பீரோவில் இருந்தது, அவர் வீட்டில் அதைப் படிக்க இன்று ஆளில்லை. பழுப்பேறிய தாள், நீள நீளமான எழுத்து. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். 1896-இல் அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு விதவையிடமிருந்து மாடி வீடாக வாங்கியிருக்கிறார். அதிலேயே முந்தைய பத்திரத்தின் விவரமும் இருந்தது: 1868-இல் அது காலி மனை, நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணறு இன்றும் முற்றத்தில் இருக்கிறது, மூடி போட்டு மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயா, பக்கத்து விடுதிக்காரர் 1700-னு போட்டிருக்கார். எனக்கு மட்டும் நூறு வருஷம் குறைஞ்சா எப்படி?" என்றார். என் தங்கை மகள் பணிவாகத்தான் பேசினாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. மிஷின் எழுதியது என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். கனடாவில் 2024 பிப்ரவரியில் ஏர் கனடா விமானக் கம்பெனி அப்படிச் சொல்லிப் பார்த்தது. பாட்டி இறந்ததற்காக அவசரமாகப் பயணம் செய்த ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்களுடைய இணையதளத்தில் பேசும் நிரல் சொல்லிவிட்டது. அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று கம்பெனி வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். கடைநிலை எழுத்தன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தனே இல்லாத இடத்திலும் அதே பழக்கம் வந்ததுதான் எனக்கு வேடிக்கை.

நம் ஆபீஸ் முறை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுத்தர் வரைவு போடுவார், மேலே திருத்தி ஒப்புதல் வரும், டைப்பிஸ்ட் தூய நகல் அடிப்பார். அதோடு அனுப்பிவிட மாட்டோம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பு நோக்குவோம். ஒருவர் வரைவைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போவார். பெயர், தேதி, தொகை வரும்போது நிறுத்தி இரண்டு தடவை படிப்போம். பிறகு ஓரத்தில் இரண்டு பேரின் சுருக்கொப்பம். நாளைக்குத் தவறு வந்தால் யார் யார் பார்த்தார்கள் என்று தாளே சொல்லும். இளம் வயதில் அந்த வேலை எனக்குக் கொட்டாவி வரவழைக்கும், உண்மையைச் சொல்கிறேன்.

அதைத்தான் மாடி அறையில் வைத்திருக்கிறார்கள். இயந்திரம் தந்த வாசகத்தில் பெயர், வருஷம், விலை, முகவரி, உத்தரவாதம் எதுவாக இருந்தாலும் அடிக்கோடு போடவேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டும்: பத்திரம், பில், உரிமையாளர் வாய்மொழி. எதிரே எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அந்த வரி போய்விடும். பிறகு அச்சுக்கூடத்துக்காரர் படிக்க, படம் வரையும் பையன் விரல் வைத்துக்கொண்டு வருவான். பையனுக்கு முதல் வாரம் பொறுமையே இல்லை. ஜவுளிக்கடை போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறியிருந்ததை அவனே பிடித்தபிறகு சத்தம் குறைந்தது. அவர் இப்போதும் வாரம் ஐந்து நாளும் வருகிறார். சம்பளம் குறையவில்லை. ஏறவும் இல்லை.

விடுதிக்கான வாசகத்தைக் கடைசியில் அவர் தமிழில் எழுதினார், நான் பிரெஞ்சாக்கினேன், இயந்திரம் என் பிரெஞ்சில் இரண்டு கமாக்களை மாற்றியது. 1868-இல் காலி மனை, கிணறு மட்டும் இருந்தது, 1896 முதல் ஒரே குடும்பம் இருக்கும் வீடு, கிணற்று நீர் இன்றும் இனிப்பு என்று அதில் வருகிறது. இனிப்பு என்பதற்கு எதிரே 'குடித்துப் பார்த்தது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். உரிமையாளர் வாசகத்தை ஏற்றுக்கொண்டார், இணையதளத்தில் அதுதான் இருக்கிறது. வாசல் பலகையை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்து எழுதிக்கொண்டார். போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது பார்த்தேன். பித்தளை எழுத்தில், நல்ல பளபளப்பாக, 1742.